ஒன்பதாவது மினுக்கல்

பேட்டரியில் குறையில்லை. முகப்பு விளக்கு
எதிர்ச்சுவரின் உறைபனியை மஞ்சளாக்குகிறது.
எஞ்சின் சுழல்கிறது, சுழல்கிறது,
பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது.
பின்சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப்பின் முனகலைக் காணோம்.

ஸுல்மோனாவில் காலை நாலேகால்.
ஐந்து இருபதுக்கு முதல் பேருந்தை எடுக்க வேண்டியவள் நான்.
ஊரை ஏற்றிப் போகிறவளை ஏற்றிப் போக
தொண்ணூற்றெட்டாம் வருடத்து இந்தப் புந்தோவை விட்டால்
வேறு நாதியில்லை.

வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு.
சாவி திருப்பியதும் எரிந்து
இரண்டு நொடியில் அணைய வேண்டியது.
அணையவில்லை.
என் முதுகின் பள்ளத்தைப் பத்தொன்பது வருடமாய்
இருக்கையில் வைத்திருக்கும் வண்டி
யாரம்மா நீ என்கிறது.

வளையத்திலிருந்து மற்ற சாவிகளைக் கழற்றிப் பார்த்தேன்.
பேட்டரி வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம்
கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.
திட்டினேன். அதுவும் ஒரு முறைதான், சில சமயம் பலிக்கும்.
கடைசியில் சாவியின் தலையை நகத்தால் நெம்பித் திறந்தால்
அரிசி மணியளவு கண்ணாடிச் சில்லு இருக்க வேண்டிய குழி
காலி.

விரிசல் விட்டதென்று போன சனிக்கிழமைச் சந்தையில்
உறையை மாற்றிக் கொடுத்த குவால்தியேரோ
உடம்பைக் கொடுத்துவிட்டு
உயிரை எடுத்து வைத்துக்கொண்டான்.

சில்லு இல்லாமலும் ஒரு வழி உண்டு.
ஐந்து இலக்கம், வண்டியோடு வந்த அட்டையில்.
அட்டை மேசை இழுப்பறையில்.
மேசை எஜிதியோவிடம்.
எஜிதியோ மூன்று வருடமாய் த்ரியெஸ்தேயில்.

நாலு நாற்பதுக்கு அவனை எழுப்பினேன்.
யார் செத்தது என்றான்.
அட்டையைச் சொன்னேன். தேடினான்,
காகிதம் புரளும் சத்தம் கேட்டது,
இன்னொரு குரலும் கேட்டது, தூக்கத்தில்.
'ஆறு. இரண்டு. ஒன்பது. ஒன்று. நான்கு.'
எங்கள் கல்யாணத் தேதியில்லை, யார் பிறந்த நாளுமில்லை.
தொழிற்சாலை கொடுத்த எண்.
அது நல்லதாய்ப் போயிற்று.

ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடி.
எஞ்சின் விளக்கு அணைந்ததும் காலை எடு.
அது மினுக்கத் தொடங்கும்; எண்ணு;
எண் வந்ததும் மிதி.
ஆறு வந்தது. இரண்டு வந்தது.
ஒன்பதில் கண்ணாடியெல்லாம் என் மூச்சுப் புகை,
எட்டா ஒன்பதா தெரியாமல்
பத்தில் மிதித்தேன்.
முதலிலிருந்து.

'நீ எண்ணாதே' என்றான். 'வெளிச்சம் வரும்போது சத்தம் கொடு,
நான் எண்ணுகிறேன்.'
அப்படியே செய்தோம்.
அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவன் எண்ண,
கதைக்குக் கொட்டுவது போல்
மினுக்கலுக்கு மினுக்கல் நான் ம் கொட்டினேன்.
ம். ம். ம்.
ஒன்பதில் அவன் 'இப்போ' என்றான்.

நாலாவது எண்ணும் போனது, ஐந்தாவதும் போனது.
விளக்கு படபடவென்று துடித்தது.
சாவியைத் திருப்பினேன்.
பிடித்துக்கொண்டது.

போனை வைத்திருப்பான் என்று நினைத்தேன்.
'டாப்பெட் தட்டுது' என்றான். 'ஆயில் பார்.'

நிறுத்தத்தில் ஏழு பேர் காலை உதறிக்கொண்டு நின்றார்கள்.
நாலு நிமிடம் தாமதம்,
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மாலையில் பணிமனையில்
பயணச்சீட்டின் முதுகில் எழுதிய எண்ணை வைத்து
தனியாக மிதித்தேன், வாய்க்குள் ம் சொல்லி.
எடுத்த எடுப்பில் வந்துவிட்டது.
அதில் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சனிக்கிழமை குவால்தியேரோ தகர டப்பாவைக் கவிழ்த்தான்.
ஒன்றுபோலப் பதினோரு சில்லு.
ஒவ்வொன்றாய்ச் சாவியில் பொதிந்து திருப்பினேன்.
எட்டாவதற்கு விளக்கு அணைந்தது.

ஆயில் முக்கால் லிட்டர் குறைவாகத்தான் இருந்தது.
'ஊற்றிவிட்டேன்' என்று
ஒரு வரி அனுப்பினேன்.
சில்லு கிடைத்ததைப் பற்றி
எழுதவில்லை.